மண்டையில் மின்சாரம் வைத்தால் புத்தி தெளியுமா?

கேள்வி | 9 பிப்ரவரி 2025, இரவு 10.40

அக்காவுக்கு மனச்சிதைவு. மாத்திரையில் குரல்கள் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் எதையும் மனத்தில் நிறுத்த முடியவில்லை. குழம்புக்குப் புளி கரைத்து ஊற்றினாளா இல்லையா என்பது அடுப்படியில் நிற்கும்போதே மறந்துபோகிறது. வங்கிக்குப் போனால் படிவத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறாள். டிடிசிஎஸ் என்று ஒரு சிகிச்சை இருக்கிறதாம். நெற்றியில் லேசாக மின்சாரம் கொடுத்தால் யோசிக்கும் திறன் கூடுமாம். அந்தக் கருவியை இணையத்திலேயே விற்கிறார்கள். வாங்கலாமா?

9 பிப்ரவரி, இரவு 11.55

வாங்காதீர்கள். ஏன் என்று நாளை எழுதுகிறேன்.

10 பிப்ரவரி, காலை 7.10

என் தம்பிக்கும் இதே நோய். ஒரு தனியார் மருத்துவமனையில் டிடிசிஎஸ் எடுத்துக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். அவனுக்காக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் டாக்டர் இல்லை.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். இது ஷாக் ட்ரீட்மெண்ட் இல்லை. இசிடி எனப்படும் அந்த ஷாக் முறையில் 800 மில்லிஆம்பியர் அளவில் மின்சாரம் பாய்ந்து, மயக்க மருந்தின் கீழ் வலிப்பை வரவழைக்கிறார்கள். இதில் 1 அல்லது 2 மில்லிஆம்பியர்தான், அதுவும் ஒரே திசையில், 20 நிமிடம். ஆள் விழித்தபடியே இருக்கலாம், பேசலாம். நரம்பணுவை இந்த மின்சாரம் நேரடியாகச் செயல்பட வைப்பதில்லை. அணு செயல்படத் தொடங்கும் வரம்பைச் சற்றே தாழ்த்துகிறது அல்லது உயர்த்துகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்சேவும் பவுலஸும் 2000ல் இதை மனிதர்களிடம் காட்டினார்கள். கையை அசைக்கும் மூளைப் பகுதியின் மேல் நேர்முனையை வைத்தால் அந்தப் பகுதி சுறுசுறுப்பானது, எதிர்முனையை வைத்தால் மந்தமானது. இன்று சந்தையில் கூவி விற்கப்படுவதெல்லாம் அந்தக் கட்டுரையின் பேரப்பிள்ளைகள்.

10 பிப்ரவரி, இரவு

வேலைக்கு நேரமாகிவிட்டதால் காலையில் பாதியில் நிறுத்தினேன்.

உங்கள் அக்காவுக்கு இருப்பது நோயின் ஒரு தனிப் பகுதி. குரல் நின்றாலும் அது நிற்காது. செய்துகொண்டிருக்கும் வேலைக்குத் தேவையானதைக் கொஞ்ச நேரம் மனத்தில் பிடித்துவைப்பது (செயல் நினைவு என்பார்கள்), ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவது, வேகம், இவையெல்லாம் குறைகின்றன. வேலைக்குப் போக முடியுமா, தனியாக இருக்க முடியுமா என்பதைப் பெரிதும் இதுதான் தீர்மானிக்கிறது. இருக்கும் மாத்திரைகள் இதைப் பெரிதாக அசைப்பதில்லை. இதற்கென்றே தயாரித்த இக்லெபெர்ட்டின் என்ற மருந்து இறுதிக்கட்டச் சோதனைகளில் தோற்றுவிட்டதாகப் போன மாதம்தான் போரிங்கர் நிறுவனம் அறிவித்தது. ஆகவே மின்சாரத்தின் மேல் எல்லோரும் கண் வைப்பதில் வியப்பில்லை.

மனச்சிதைவில் இது உதவுகிறதா என்றால், கொஞ்சம், சில சோதனைகளில். ஆஸ்திரேலியாவில் ஹோய் குழு 2014ல் 18 பேரிடம் செய்த சோதனையில், 2 மில்லிஆம்பியர் கொடுத்த நாளில் நினைவுச் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. 1 மில்லிஆம்பியரில் தெரியவில்லை. அமெரிக்காவில் 2015ல் ஐந்து அமர்வுக்குப் பிறகு சிந்தனைத் திறன் சோதனையின் மொத்த மதிப்பெண் கூடியது. அதற்குப் பிறகு வந்தவை சில ஆம் என்றன, சில இல்லை என்றன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தவர்கள் செயல் நினைவில் ஒரு சிறிய நன்மை இருக்கலாம் என்கிறார்கள். மற்றத் திறன்களில் உறுதியாக எதுவும் இல்லை.

18 பேர். நம் தெருவின் பால் பாக்கெட் கணக்கு நோட்டில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

11 பிப்ரவரி

எண்ணெயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதை எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை.

முதல் நாள் தம்பி தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வாரிக்கொண்டு வந்துவிட்டான். அம்மா வேலை, ஆஸ்பத்திரிக்குப் போகிறான், லட்சணமாகப் போகட்டும் என்று. கருவியில் மின்தடையின் அளவு இறங்கவே இல்லை. டெக்னீஷியன் முடியை விலக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, முனைக்கு அடியில் வைக்கும் பஞ்சை சலைனில் மறுபடி நனைத்து வைத்தார். அப்போதும் இறங்கவில்லை. இன்னும் சலைன் ஊற்றினார். நீர் காதோரம் வழிந்து சட்டைக் காலரை நனைத்தது. பிறகு அவரே தலையில் அடித்துக்கொண்டு பஞ்சைப் பிழிந்தார். நீர் அதிகமாகிப் பரவினால் மின்சாரம் மண்டைக்குள் போகாமல் ஈரத் தோலின் மேலேயே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடிவிடுமாம். காய்ந்துபோனால் இன்னொரு தொல்லை, தோல் சுட்டுவிடும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அது கைப்பழக்கம். கருவியோடு வரும் தாளில் அது இல்லை.

ஷாம்பு போட்டு அலசி வரச் சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பினார்.

11 பிப்ரவரி, இன்னொன்று

மருத்துவம் படிக்கும் ஒருவர் கீழே கேட்டிருக்கிறார்: "மண்டையோட்டைத் தாண்டி மின்சாரம் உள்ளே போகிறது என்பதே உறுதியா?" நல்ல கேள்வி. நியூயார்க்கின் புஷாகியும் ஹங்கேரியின் பெரேனியும் சேர்ந்த குழு இறந்தவர்களின் உடலிலேயே அளந்து பார்த்தது. கட்டுரை 2018ல் வந்தது. தோலும் சதையும் எலும்புமாகச் சேர்ந்து நான்கில் மூன்று பங்கு மின்சாரத்தை விழுங்கிவிடுகின்றன. மிச்சம் கால் பங்கு. அது போதுமா என்பதில்தான் சண்டை. பெல்ஜியத்தின் லூவெனில் 2019ல் இன்னும் குறும்பான கேள்வி கேட்டார்கள்: ஒருவேளை மூளையைத் தொடாமல், தோலின் நரம்புகளைச் சீண்டுவதாலேயே விளைவு வருகிறதோ? அவர்கள் பார்த்தது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில், அதிலும் உடல் அசைவு தொடர்பான விளைவில். இதற்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் கேள்வி செத்துவிடவில்லை.

14 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில், "அப்படியானால் 2க்குப் பதில் 4 வைத்தால் இரண்டு மடங்கு கிடைக்காதா?" என்கிறார். தனியாக எழுதவேண்டாம், எல்லோரும் படிக்கட்டும்.

கிடைக்காது. கோட்டிங்கனிலேயே 2013ல் எதிர்முனையை 2 மில்லிஆம்பியரில் 20 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். 1 மில்லிஆம்பியரில் மூளையை மந்தமாக்கும் அதே முனை, இப்போது அதைத் தூண்டிவிட்டது. நேர்முனையை இடைவெளியே விடாமல் 26 நிமிடம் வைத்தபோது, தூண்ட வேண்டியது மந்தமாக்கியது. அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்ற கணக்கு இங்கே இல்லை, தலைகீழாகவும் போகும்.

வீட்டில் செய்துகொள்பவர்களைப் பார்த்துக் கவலைப்பட்டு 2016ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்பே ஆக்ஸ்ஃபோர்டில் யூகுலானோவும் கோஹன் கடோஷும் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் மின்சாரம் வைத்துப் புதிய எண்குறிகளைச் சீக்கிரம் கற்க வைத்தார்கள். கற்றார்கள், ஆனால் கற்றது தானாக வரும் பழக்கமாவது கெட்டது. வேறிடத்தில் வைத்தபோது கற்பது மெதுவானது, பழக்கமாவது கூடியது. அதில் கலந்துகொண்டவர்கள் நோயில்லாதவர்கள். உங்கள் அக்காவின் மூளையில் எதைக் கூட்டி எதைக் குறைக்கிறீர்கள் என்பதைக் கூடத்தில் உட்கார்ந்து எப்படிப் பார்ப்பீர்கள்?

15 பிப்ரவரி

நேற்று எழுதியது மிரட்டலாக இருக்கிறது என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். மருத்துவமனையில் முறையாகச் செய்தால் ஆபத்து குறைவுதான். தம்பிக்கு நேர்ந்ததெல்லாம் பஞ்சின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஓர் அரிப்பு, கொஞ்சம் சிவப்பு, ஒருநாள் தலைவலி. ஆனால் மனநிலை ஏறி இறங்கும் நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்கவேண்டும். பிரேசிலில் 245 பேரிடம் நடந்த மனச்சோர்வுச் சோதனையில், மின்சாரம் பெற்றவர்களில் இருவருக்குப் புதிதாக மேனியா, அதாவது அளவுமீறிய உற்சாகநிலை வந்தது. புருனோனி குழுவின் 2017 கட்டுரையில் இது இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரையான எஸ்சிட்டலோப்ராமுக்கு மின்சாரம் குறைந்ததல்ல என்று அதே சோதனையில் அவர்களால் நிரூபிக்க முடியவில்லை. பொய்ச் சிகிச்சையை மட்டும் வென்றது.

15 பிப்ரவரி, மாலை

"பொய்ச் சிகிச்சை எப்படிக் கொடுப்பார்கள்? மின்சாரம் வந்தால் தெரியுமே?"

அழகான தந்திரம். பஞ்சை வைத்து, கருவியை ஓடவிட்டு, அரை நிமிடம் மெல்ல ஏற்றி, பிறகு சத்தமில்லாமல் அணைத்துவிடுவார்கள். அரிப்பு பெரும்பாலும் தொடக்கத்தில்தான் வரும், பிறகு தோல் பழகிவிடும். ஆகவே ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. 2 மில்லிஆம்பியரில் சிலர் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதை ஏன் நீட்டுகிறேன் என்றால், தம்பியின் மதிப்பெண் கூடியது. எண்களைத் தலைகீழாகச் சொல்லும் சோதனையில் முன்பு மூன்று எண்ணுக்கு மேல் போகாதவன் ஐந்து வரை போனான். மருத்துவமனையில் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி கொடுத்தார்கள். அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஆனால் அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் யாருக்கும் மதிப்பெண் கூடும். பொய்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் கூடுகிறது. தம்பிக்கு ஒப்பிட இன்னொரு தம்பி இல்லை.

பெரியப்பாவின் மளிகைக் கடையில் மாலை நேரம் உட்காருவான். சீட்டில் ஆறு பொருள் எழுதியிருந்தால் நாலை எடுத்துவைத்துவிட்டு வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பான். ஐந்து எண்களைத் தலைகீழாகச் சொன்ன வாரத்திலும் அப்படித்தான் பார்த்தான்.

22 பிப்ரவரி

ஒரு வாரமாக மனத்தில் உறுத்திய விஷயம். அமர்வின்போது தம்பி என்ன செய்துகொண்டிருந்தான்? சுவரில் தொலைக்காட்சி. மத்தியான சீரியல். "ரிலாக்ஸாக உட்காரட்டும்" என்றார்கள்.

இதுதான் என் பெரிய புகார். இந்த மின்சாரம் தானாக எதையும் உள்ளே வைப்பதில்லை. அந்த நேரத்தில் எந்தச் சுற்று வேலை செய்துகொண்டிருக்கிறதோ அதற்குக் கொஞ்சம் தோள் கொடுக்கிறது, அவ்வளவே. மாமியாரும் மருமகளும் போடும் சண்டைக்கு அவன் மூளை தயாராகி வந்திருக்கும்! கவனப் பயிற்சி, நினைவுப் பயிற்சி இவற்றோடு சேர்த்துக் கொடுப்பதையே நான் படித்ததில் விவரமான ஆராய்ச்சியாளர்கள் விரும்புகிறார்கள். அந்தப் பயிற்சிக்கு மின்சாரமே இல்லாமலும் நல்ல சான்று இருக்கிறது. மனச்சிதைவில் சிந்தனைத் திறனைக் கூட்ட இருப்பதில் உறுதியான வழி அதுதான், குறிப்பாக அதை நிஜ வேலைப் பழக்கத்தோடு சேர்க்கும்போது.

தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னேன். முறைத்தார்கள், அணைத்தார்கள். சீட்டுக்கட்டோடு போனேன். இரண்டு சீட்டுக்கு முன்னால் வந்தது என்ன என்று கேட்பேன். டெக்னீஷியனும் விளையாட்டில் சேர்ந்துகொண்டு தோற்றார்.

23 பிப்ரவரி

கொஞ்சம் திசை மாறுகிறேன். மின்சாரத்தால் மனத்தைச் சரிசெய்யும் ஆசை பழையது. ரோமில் கிளாடியஸ் பேரரசர் காலத்து ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையைத் தலைமேல் வைக்கச் சொன்னார். மரத்துப்போகும்வரை. விலங்குகளின் மின்சாரத்தை ஆராய்ந்த கால்வானியின் சகோதரி மகன் அல்தீனி 1801ல் பொலோனியாவில் லன்சரீனி என்ற விவசாயிக்குக் கடும் மனச்சோர்வு என்று மின்கல அடுக்கைத் தலையில் வைத்தார். ஆள் குணமானதாக எழுதினார். ஒப்பிட இன்னொரு லன்சரீனி இல்லை, என் தம்பி கதைதான்.

2 மார்ச்

கேள்வி கேட்டவர் அக்காவின் மருந்துச் சீட்டைத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார். டாக்டர் பெயரை எடுத்துவிட்டீர்கள், நல்லது.

அதில் ட்ரைஹெக்சிபெனிடில் இருக்கிறது, காலை ஒன்று, இரவு ஒன்று. பேசிடேன் என்று கடையில் கேட்பீர்களே, அது. உடல் இறுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் கொடுப்பது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கிறது. நினைவு வேலை செய்ய அசிட்டைல்கோலின் வேண்டும். அதைத் தடுத்துக்கொண்டே மறதிக்கு மின்சாரம் தேடுகிறோம்.

நீங்களாக நிறுத்தாதீர்கள், சட்டென நிறுத்தினால் இறுக்கம் பாய்ந்து வரும். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேளுங்கள்: இது இன்னும் தேவையா, குறைக்க முடியுமா, முதன்மை மருந்தின் அளவைக் குறைத்தால் இதுவே வேண்டாமல் போகுமா? வருடக்கணக்கில் யாரும் கேட்காமல் சீட்டிலிருந்து சீட்டுக்கு நகலெடுக்கப்படும் மாத்திரை இது. தம்பி சீட்டிலும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

2 மார்ச், சற்றுப் பிறகு

இரவில் லோராசெபாம் என்ற தூக்க, பதற்ற மாத்திரை போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டிடிசிஎஸ்சின் விளைவு மாத்திரையைப் பொறுத்து மாறும். லோராசெபாம் வகை அதை மாற்றிவிடும். பிரேசில் குழுவின் முந்தைய மனச்சோர்வுச் சோதனையில் இந்த வகை மாத்திரை எடுத்தவர்களுக்குப் பலன் குறைவாகத் தெரிந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் நேர்முனையின் விளைவை அழித்துவிடுகிறது. இருமல் மருந்தில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், மின்சாரம் நின்ற பிறகும் நீடிக்கும் விளைவையே துடைத்துவிடுகிறது. கோட்டிங்கனில் 2002ல் பார்த்தது. கருவி விற்பவர் "என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்?" என்று கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

19 ஏப்ரல்

பெங்களூரிலிருந்து ஒருவர் அங்குள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இதைச் செய்கிறார்கள் என்கிறார். செய்கிறார்கள், அந்தத் துறையில் இந்தியாவில் அதிகம் உழைத்தவர்கள். ஆனால் அவர்களின் வேலையில் பெரும்பகுதி மருந்துக்கு அடங்காத குரல்களுக்கானது. அதற்கு முனைகளை வைக்கும் இடமே வேறு: நேர்முனை இடது நெற்றியில், எதிர்முனை இடது காதுக்குப் பின்பக்கம் மேலே. பிரான்சின் லியோனில் புருனெலின் குழு 2012ல் 30 பேரிடம், நாளுக்கு இருமுறை, ஐந்து நாள் செய்து குரல்கள் சுமார் 31 சதவீதம் குறைந்ததாக எழுதியதிலிருந்து வந்த முறை. குரலுக்குப் பலனளித்த செய்தியை வைத்து நினைவுக்கு விளம்பரம் செய்வது எல்லா இடத்திலும் நடக்கிறது. உங்கள் அக்காவுக்குக் குரல் இப்போது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

20 ஏப்ரல்

வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவி வெற்றி என்ற செய்தித் துண்டு ஒன்றை இங்கே போட்டிருக்கிறார்கள். அது மனச்சோர்வுக்கானது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 174 பேர், பத்து வாரம், 2024ல் வெளியானது, உண்மையிலேயே நல்ல முடிவு. அதே ஆண்டில் பிரேசிலில் 210 பேரிடம் வீட்டிலேயே செய்த சோதனை பொய்ச் சிகிச்சையை வெல்லவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மனியில் 160 பேர், மருத்துவமனையில், மாத்திரையோடு சேர்த்து: வித்தியாசம் இல்லை. செய்தித் துண்டு போடுகிறவர் மூன்றையும் சேர்த்துப் போடட்டும்.

அந்த பிரிட்டன் சோதனையில்கூட வீட்டில் தனியாக விட்டுவிடவில்லை. வீடியோவில் ஆட்கள் கவனித்தார்கள்.

6 ஜூன்

தம்பி பற்றிக் கேட்டவர்களுக்கு. அமர்வுகள் முடிந்து நாளாகிறது. பேசிடேனை டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார், நடுக்கம் திரும்பவில்லை. இப்போது கடையில், மளிகைச் சீட்டில் உள்ள ஆறையும் எடுத்துவைக்கிறான், பெரும்பாலான நாட்களில். மின்சாரமா, மாத்திரை குறைந்ததா, சீட்டு விளையாட்டா, பெரியப்பா திட்டுவதை நிறுத்தியதா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பந்தயம் கட்டச் சொன்னால் மாத்திரை மேல் கட்டுவேன். அம்மா மின்சாரம் என்கிறார், தாள் இன்னும் சாமி படத்தருகில்தான் இருக்கிறது.

7 ஜூன்

"கடைசியில் பலன் உண்டா இல்லையா, ஒரே வரியில் சொல்லுங்கள்" என்று ஒருவர்.

மனச்சிதைவில் செயல் நினைவுக்குச் சிறிது இருக்கலாம், பயிற்சியோடு கொடுத்தால்; வாழ்க்கையில் தெரியும் அளவுக்கு என்று யாரும் இன்னும் காட்டவில்லை. இரண்டு வரியாகிவிட்டது.

3 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். பேசிடேன் பாதியாகிவிட்டது, அக்கா தையல் வகுப்புக்குப் போகிறாள், இப்போது ஒரு மருத்துவமனையில் ஆராய்ச்சியின் பகுதியாக டிடிசிஎஸ் கொடுக்க அழைக்கிறார்கள், போகலாமா என்கிறார்.

போங்கள். ஆராய்ச்சி என்றால் கட்டணம் கேட்கக் கூடாது. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பொய்ச் சிகிச்சைக் குழுவில் விழுந்தால் பிறகு உண்மையானதைக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். அமர்வின்போது அவள் கையில் என்ன வேலை கொடுப்பார்கள் என்பதையும் கேளுங்கள். வகுப்பில் அவள் எத்தனை அளவுகளை மறக்காமல் வெட்டுகிறாள் என்று இப்போதிருந்தே ஒரு நோட்டில் எழுதுங்கள், அவர்கள் சோதனைத் தாளைவிட உங்களுக்கு அது உதவும்.

வீட்டில் யாராவது சிகரெட் குடிக்கிறார்களா என்று கேட்டதற்குச் சிரிப்பு முகம் போட்டிருக்கிறீர்கள். விளையாட்டாகக் கேட்கவில்லை. லியோன் குழுவே 2015ல் எழுதியது: குரல்களுக்கான டிடிசிஎஸ் புகைபிடிக்கும் நோயாளிகளிடம் எடுபடவில்லை. நினைவுக்கும் அப்படியா என்பது வேறு கேள்வி. அக்கா பிடிக்காதவள் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். தம்பி பிடிப்பான், அதனால்தான் அந்தக் கட்டுரை என் கையில் சிக்கியது.

அப்புறம், எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள்.